அப்பாவுக்கு பேஸ்மேக்கர்: செல்போன், இண்டக்‌ஷன் அடுப்பு, மெட்ரோ எதுவும் ஆகாதா?

தொண்டையார்பேட்டை வாசகி கேட்டது, 9 அக்டோபர் 2024

அப்பாவுக்கு 66 வயது. பேஸ்மேக்கர் வைத்து மூன்று வாரம் ஆகிறது. பார்க்க வருகிற ஒவ்வொருவரும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். செல்போனைத் தொடக் கூடாதாம். மிக்சி ஓடினால் வாசலுக்குப் போய்விட வேண்டுமாம். எதிர் மாடியில் டவர் இருக்கிறது, வீட்டையே மாற்றுங்கள் என்கிறார் ஒரு மாமா. இண்டக்‌ஷன் அடுப்பைத் தூக்கி அட்டத்தில் வைத்துவிட்டோம். அப்பா மெட்ரோ ஸ்டேஷன் வரை வந்து, அந்தச் சோதனைக் கேட்டைப் பார்த்ததும் திரும்பிவிட்டார். இதில் எது நிஜம், எது கதை?

9 அக்டோபர் 2024, இரவு

காசிமேட்டில் படகு வேலை செய்கிற வெல்டிங் பட்டறை என்னுடையது. எனக்கும் பேஸ்மேக்கர் பெட்டி இருக்கிறது, வைத்து இரண்டு வருடம் நாலு மாதம். முழு ஹார்ட் பிளாக், அதாவது இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்குத் துடிப்புச் சைகை போகவே போகாது. பெட்டி நின்றால் என் இதயம் சொந்தமாக நிமிடத்துக்கு முப்பது அடித்தாலே பெரிது. அந்த நிலையில் இருப்பவனாகத்தான் பதில் எழுதுகிறேன்.

டிவி, ஃபிரிட்ஜ், ஃபேன், ரிமோட், மைக்ரோவேவ் எதுவும் ஒன்றும் செய்யாது. மிக்சி ஓடட்டும், மார்போடு அணைத்துப் பிடிக்காமல் இருந்தால் சரி. செல்போன் தாராளமாகப் பேசலாம். பெட்டி இடது பக்கம் என்றால் வலது காதில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். இடது சட்டைப் பையில் மட்டும் போட வேண்டாம். போனுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சாண் இருந்தால் போதும். டவருக்காக யாரும் வீடு மாற்ற வேண்டாம். மெட்ரோ கேட்டில் நிற்காமல் நடந்து போகலாம்.

நானே இன்றும் வெல்டிங் அடிக்கிறேன். ஒன்றும் ஆகவில்லை.

10 அக்டோபர், காலை

நேற்றின் கடைசி வரியை எழுதியிருக்கக் கூடாது. எண்ணூர் பக்கம் வேலை பார்க்கும் ஒரு தம்பி, அவரும் வெல்டர், அதைப் படித்துவிட்டு "அப்படியானால் நானும் திங்கட்கிழமை வேலைக்குப் போகலாமா அண்ணா" என்று கேட்டிருக்கிறார். அவருக்கு வைத்திருப்பது ஐசிடி, ஷாக்கும் கொடுக்கிற பெட்டி. தம்பி, போகாதீர்கள். உங்கள் டாக்டரையும் பெட்டி கம்பெனி டெக்னீஷியனையும் கேட்காமல் வெல்டிங் ஹோல்டரைத் தொடாதீர்கள். மதியம் விரிவாக எழுதுகிறேன்.

10 அக்டோபர், மதியம்

பேஸ்மேக்கர் இதயம் மெதுவாகும்போது தட்டிக்கொடுக்கிற பெட்டி. ஐசிடி அதையும் செய்யும், அதற்கு மேல் இதயம் தறிகெட்டு ஓடினால் உள்ளேயே ஷாக் கொடுத்து நிறுத்தவும் செய்யும். இரண்டும் நாள் முழுக்க இதயத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. இதயம் கொடுக்கிற சத்தம், அதாவது மின்துடிப்பு, மிகச் சிறியது, சில மில்லிவோல்ட். நம் வீட்டுச் சுவரில் இருப்பதோ 230 வோல்ட். அவ்வளவு சன்னமான குரலைக் கேட்கிற காது என்றால், வெளிச்சத்தமும் அதில் விழ வாய்ப்பு உண்டு.

வெளிச்சத்தத்தை இதயத்துடிப்பு என்று பேஸ்மேக்கர் நினைத்துவிட்டால், "இதயம்தான் ஓடுகிறதே" என்று சும்மா இருந்துவிடும். என்னைப் போன்றவனுக்கு அது மயக்கம். ஐசிடி அதே சத்தத்தைக் கேட்டால், "இதயம் தறிகெட்டு ஓடுகிறது" என்று நினைத்து, நன்றாக இருக்கிற மனிதனுக்கு ஷாக் கொடுத்துவிடும். ஒரே தொந்தரவு, ஆனால் விளைவு இரண்டு விதம். என் அனுபவத்தை அந்தத் தம்பி தனக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது என்றது இதனால்தான்.

வெல்டிங்குக்கு வருகிறேன். என் பெட்டிக்குச் சொல்லப்பட்ட கணக்கு: 160 ஆம்பியரைத் தாண்டவே கூடாது. ஆர்க் என்கிற பற்றவைக்கும் பொறியும் கேபிளும் மார்பிலிருந்து இரண்டு அடி தள்ளி இருக்க வேண்டும். கையுறையும் ஷூவும் உலர்ந்திருக்க வேண்டும். ஒரு ராடு முடிந்ததும் சில விநாடி விட்டுத்தான் அடுத்தது. தலை லேசாகச் சுற்றினால் உடனே நிறுத்திவிட்டு மெஷினை விட்டு நகர வேண்டும். நம்பர் குறையக் குறைய ராடு தடிமன். 12 நம்பர் ராடும் 10 நம்பர் ராடும் இந்தக் கணக்குக்குள் அடங்கும். 8 நம்பர் எடுத்தால் 160ஐத் தொட்டுவிடும், அதனால் அதை நான் எடுப்பதே இல்லை.

ஆம்பியரை எல்லோரும் கவனிப்பார்கள். கேபிளைத்தான் யாரும் கவனிப்பதில்லை. இருபது வருடம் நான் வெல்டிங் கேபிளைத் தோளில் சுற்றிப் போட்டுக்கொண்டுதான் அடித்தேன், இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான். நூறு ஆம்பியர் ஓடுகிற கேபிளை மார்பைச் சுற்றி மாலையாகப் போட்டுக்கொண்டால் அது நேராகப் பெட்டி மேலேயே காந்தப்புலத்தை உண்டாக்கும். கரண்ட் திரும்பி வருகிற கேபிளை இரும்பில் கடிக்க வைக்கும் எர்த் கிளாம்பும் அதே கதை. படகின் பின் முனையில் கிளாம்பைக் கடித்துவிட்டு முன் முனையில் பற்றவைப்போம். கரண்ட் போகிற வழிக்கும் திரும்பி வருகிற வழிக்கும் நடுவில் நாமே உட்கார்ந்திருப்போம். பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே கிளாம்ப் போட்டு, இரண்டு கேபிளையும் சேர்த்துத் தரையில் ஓட விட்டால், ஒன்றின் புலத்தை மற்றது பெரும்பாலும் அழித்துவிடும். இப்போது என் பட்டறையில் பெட்டி இல்லாத பையன்களும் இப்படித்தான் செய்கிறார்கள்.

மேசை வேலை மட்டும்தான் எனக்கு. படகின் வயிற்றுக்குள் குனிந்து படுத்து அடிக்கும்போது மார்புக்கும் ஆர்க்குக்கும் ஒரு அடி இருந்தால் அதிகம். அதை விட்டுவிட்டேன். வருமானம் குறைந்தது நிஜம்.

13 அக்டோபர்

டவர் மாமா விடவில்லை போலிருக்கிறது. தங்கச்சி மறுபடி கேட்கிறார்.

செல்போன் அலை நொடிக்குக் கோடிக்கணக்கான முறை அதிர்வது. இதயத்தின் சத்தம் அதோடு பார்த்தால் ஆமை வேகம். இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருப்பதால் பெட்டியின் வாசலிலேயே வடிகட்டி வைத்து செல்போன் அலையை நிறுத்திவிடுகிறார்கள். பெட்டியின் டைட்டானியம் கூடும் கவசம்தான். 1990களில் செல்போன் புதிதாக வந்தபோது பயம் இருந்தது, நோயாளிகளை வைத்தே சோதித்தார்கள். போனை நேராகப் பெட்டி மேல் வைத்தபோதுதான் தொந்தரவு தெரிந்தது. வழக்கம்போல் காதில் வைத்தபோது கவலைப்படும்படி ஒன்றும் இல்லை என்று 1997இலேயே எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த பெட்டிகள் இன்னும் தேவலை. எதிர் மாடி டவர் எத்தனையோ அடி தள்ளி இருக்கிறது. மாடியேறி அந்த ஆன்டெனாவுக்கு முன்னால் மார்பை நிமிர்த்தி நின்றால்தான் யோசிக்க வேண்டும்.

சிக்கல் எங்கே என்றால் வீட்டு கரண்டில். அது அதிர்வது நொடிக்கு 50 முறை. இதயச் சத்தத்துக்குப் பக்கத்து வீடு மாதிரி. அதை முழுசாக வடிகட்டினால் இதயத்தின் குரலும் சேர்ந்து போய்விடும். டவரை நினைத்துத் தூக்கம் கெடுகிறோம், எர்த் அடிக்கிற மோட்டாரை மட்டும் "லேசாத்தான் அடிக்குது" என்று விட்டுவிடுகிறோம்.

19 அக்டோபர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். போன வருடம் ஆடி மாதம் எனக்கு நடந்தது.

மூலை சரியாக 90 டிகிரி பிடிக்க சிவப்புக் கலரில் அம்பு வடிவக் காந்தம் வரும், வெல்டர்கள் எல்லோருக்கும் தெரியும். உள்ளங்கை அளவு இருக்கும். நல்ல காந்தம் இரும்புப் பட்டையில் ஒட்டினால் பிய்த்து எடுக்கவே பலம் வேண்டும். அன்றைக்குக் கையில் சாமான் நிறைய இருந்தது. அப்படி ஒரு காந்தத்தைத் தோல் ஏப்ரனின் மார்புப் பையில் செருகிக்கொண்டேன். பத்தடி நடந்திருப்பேன். நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. பயம் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். மணிக்கட்டைப் பிடித்து எண்ணினால் 15 விநாடிக்கு 21. எனக்கு உட்கார்ந்திருக்கும்போது 15தான் வரும், அறுபதில் செட் செய்திருக்கிறார்கள். வேர்வை துடைக்க ஏப்ரனைக் கழற்றி மாட்டினேன். உடனே சரியாகிவிட்டது. மறுபடி எண்ணினேன், 15.

வெயில் என்று நினைத்துக்கொண்டு டீ குடித்துவிட்டு ஏப்ரனைத் திரும்ப மாட்டினேன். மறுபடி படபடப்பு. அப்போதுதான் பையில் கையை விட்டேன். காந்தம் விரலில் தட்டியது.

செக்கப்பில் டெக்னீஷியன் விளக்கினார். பெட்டி மேல் காந்தம் வைத்தால் அது இதயத்தைக் கேட்பதை நிறுத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரே வேகத்தில் தட்டும். எந்த வேகம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். என்னுடையது 85. காந்தத்தை எடுத்துவிட்டால் பழையபடி ஆகிவிடும், கெட்டுப்போகாது. இது வேண்டுமென்றே வைத்த ஏற்பாடு. ஆபரேஷன் தியேட்டரில் கரண்ட் கத்தி வைத்து அறுக்கும்போது அந்தக் கத்தியின் சத்தத்தைக் கேட்டு பெட்டி ஏமாறக் கூடாது என்று சில சமயம் டாக்டர்களே மேலே காந்தம் வைப்பார்களாம்.

எனக்குப் படபடப்பு வந்தது நல்லதாயிற்று, தெரிந்துகொண்டேன். ஐசிடி வைத்தவருக்கு இப்படிப் படபடப்பு வராது. காந்தம் மேலே இருக்கும் வரை அவருடைய பெட்டி ஷாக் கொடுக்காது, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து இதயம் தறிகெட்டால் காப்பாற்ற ஆளில்லை. எண்ணூர் தம்பிக்குச் சொல்ல நினைத்ததில் முக்கியமானது இதுதான். ஆர்க்கைப் பற்றி மட்டும் கேட்டீர்கள், காந்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை. என் பட்டறையில் அந்தக் காந்தங்கள் இப்போது தூரச் சுவரில் ஓர் ஆணியில் தொங்குகின்றன. எடுத்துத் தருவது பையன்.

20 அக்டோபர்

ஒருவர் கேட்கிறார், போனில் காந்தம் இருக்கிறதா என்று. இருக்கிறது, சிலவற்றில் நன்றாகவே இருக்கிறது. 2020இல் ஐபோன் 12 வந்தபோது சார்ஜர் ஒட்டிக்கொள்வதற்காகப் பின்பக்கம் வட்டமாகக் காந்தம் வைத்தார்கள். அமெரிக்காவில் மிச்சிகனில் இருக்கும் ஹென்றி ஃபோர்டு மருத்துவமனை டாக்டர்கள் அதை ஐசிடி வைத்த ஒருவரின் மார்பு மேல் கொண்டுபோனதும் பெட்டி ஷாக் வேலையை நிறுத்திக்கொண்டது. 2021 தொடக்கத்தில் எழுதினார்கள். அதன்பிறகு அந்தக் கம்பெனியே 6 அங்குலத்துக்கு மேல் தள்ளி வையுங்கள், ஒயர் இல்லாமல் சார்ஜ் ஏறும்போது 12 அங்குலம் என்று சொல்லிவிட்டது.

விலை உயர்ந்த போன்தானே என்று நினைக்க வேண்டாம். எம்.சி. ரோட்டில் துணி எடுக்கப் போகும்போது பார்க்கிறேன், பிளாட்பாரத்தில் விற்கிற போன் கவரின் மூடியிலும் காந்தம், மோதிர ஸ்டாண்டிலும் காந்தம். காதில் செருகும் இயர்போன் டப்பாவிலும் உண்டு. இடது சட்டைப் பை என்ற ஒரே இடத்தை விட்டுவிட்டால் இதில் முக்கால்வாசி தீர்ந்தது.

3 நவம்பர்

சமையல் பற்றித் தங்கச்சியின் அம்மா கேட்டது.

இண்டக்‌ஷன் அடுப்புக்கு இரண்டு அடி என்று எழுதியிருப்பார்கள். மேடை மேல் வைத்து நின்று சமைத்தால் அந்த இரண்டு அடி ஏறக்குறைய வந்துவிடும், குனிந்து எட்டிப் பார்க்காமல் இருந்தால். ஆனால் நம் பக்கத்து வீடுகளை எனக்குத் தெரியும். மேடையில் கேஸ் அடுப்புக்கே இடம் போதாது. இண்டக்‌ஷனைத் தரையில் வைத்து, முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பால் காய்ச்சுவோம். பால் பொங்குகிறதா என்று குனிவோம். அப்போது மார்புக்கும் அடுப்புக்கும் ஒரு முழம்கூட இருக்காது. அப்படி மட்டும் வேண்டாம். அடுப்பை அட்டத்திலிருந்து இறக்குங்கள், மேடையில் வையுங்கள், பாத்திரம் வட்டத்தின் நடுவில் சரியாக உட்காரட்டும், அப்பா பால் பொங்குவதைக் கையெட்டுகிற தூரத்திலிருந்து பார்க்கட்டும்.

கிரைண்டர் ஓடலாம். பைக் ஸ்டார்ட் ஆகவில்லை என்று இன்ஜின் மேல் கவிழ்ந்து பார்ப்பார்களே, அதற்கு ஓர் அடி. ஜெனரேட்டருக்கும் அப்படியே.

2 டிசம்பர் 2024

ஃபெஞ்சல் புயல் மழை. சனிக்கிழமை பகலில் தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் இல்லை. நேற்று சாயங்காலம் கரண்ட் வந்ததும் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன், மோட்டார் போட்டேன். கீழே ஈரத் தரை. செருப்பில்லை. தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க இரும்புக் குழாயைத் தொட்டேன். விரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு துடிப்பு, எர்த் அடிப்பது. அடுத்த நொடி கண் இருட்டிக்கொண்டு வந்தது. முழங்கால் மடங்கி, கதவில் சாய்ந்து, கை குழாயிலிருந்து நழுவியது. கை விட்டதும் தெளிந்துவிட்டது. மொத்தம் இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும். வீட்டுக்காரம்மா சத்தம் கேட்டு வந்து மெயினை இறக்கினாள்.

குழாயைப் பிடித்தபடியே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்டோபரில் இதே இடத்தில்தான் "எர்த் அடிக்கிற மோட்டார்" என்று எழுதியிருக்கிறேன். எழுதின எனக்கே என் வீட்டு மோட்டாரைச் சோதிக்கத் தோன்றவில்லை.

9 டிசம்பர்

செக்கப் முடிந்தது. உள்ளங்கை அளவில் ஒன்றை ஒயரோடு மார்பு மேல் வைப்பார்கள், பெட்டி தன் ஞாபகத்தில் இருப்பதையெல்லாம் திரையில் கொட்டிவிடும். டிசம்பர் 1, மாலை, நேரம் முதற்கொண்டு பதிவாகியிருந்தது. டெக்னீஷியன் திரையைத் திருப்பிக் காட்டினார். வழக்கமாக என் கோடு தட்டையாகப் போய், பெட்டி தட்டும் இடத்தில் மட்டும் ஒரு முள் எழும். அந்த மூன்று விநாடியில் கோடு முழுக்கப் பொடிப்பொடியாகக் கோரைப்புல் முளைத்த மாதிரி இருந்தது. "50 ஹெர்ட்ஸ் சார், உங்க வீட்டு கரண்ட்" என்றார். புல் முளைத்த இடத்தில் ஒரு முள்ளும் இல்லை. பெட்டி தட்டவே இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கை சில்லிட்டுவிட்டது.

இன்னும் நீண்ட நேரம் போனால் பெட்டி "இது சத்தம்" என்று புரிந்துகொண்டு கண்ணை மூடித் தட்ட ஆரம்பிக்கும் ஏற்பாடும் உண்டாம். அதற்குள் நான் விழுந்திருப்பேன்.

மோட்டாரைத் திறந்து பார்த்தோம். போன வருடம் மாற்றிக் கொடுத்தவர் எர்த் ஒயரை வெட்டி, மடித்து, டேப் சுற்றி உள்ளேயே விட்டிருக்கிறார். மூன்று ஒயரில் இரண்டுதான் வேலை செய்திருக்கிறது. புது எர்த் குழி தோண்டி, ஒயர் இழுத்து, மெயினில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி, கரண்ட் கசிந்தால் தானே நிறுத்திவிடுகிற ஸ்விட்ச், போட்டாயிற்று. ஆர்சிசிபி இருந்தாலே போதும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். போதாது ஐயா. அது 30 மில்லியாம்பியர் கசிவில் உங்கள் உயிரைக் காப்பாற்றப் போட்டது. நம் விரல் உணராத கசிவைக்கூட இந்தப் பெட்டி கேட்டுவிடும். எர்த் சரியாக இருந்தால்தான் அந்தக் கசிவு நம் உடம்பு வழியாகப் போகாது. வாஷிங் மெஷின், ஹீட்டர், அயர்ன் பாக்ஸ், ஃபிரிட்ஜ் என்று உலோக உடம்புள்ள எல்லாவற்றுக்கும் இதுதான். இரண்டு முள் பிளக் மாட்டி ஓட்டுகிற வாஷிங் மெஷின் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். அப்பா மொட்டைமாடியில் துவைக்கிறவர் என்று தங்கச்சி எழுதியிருந்தார், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

10 டிசம்பர்

எர்ணாவூரிலிருந்து ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார், ஐசிடிக்காரர். அவருக்கும் ஈரத் தரை, வாஷிங் மெஷின். துணியை எடுக்கக் கையை விட்டதும் மார்பில் மாடு முட்டின மாதிரி ஒரே அடி, பின்னால் போய் விழுந்திருக்கிறார். எழுந்து மறுபடி மெஷினைத் தொட்டதும் இன்னொரு அடி. மெஷின் ஷாக் அடித்தது என்று வீட்டார் நினைத்தார்கள். அடித்தது மெஷின் இல்லை, மெஷினின் கசிவைக் கேட்டு ஏமாந்த பெட்டி. ஆஸ்பத்திரியில் பதிவை எடுத்துப் பார்த்துத்தான் தெரிந்ததாம். ஐயா, இரண்டு பேரும் ஒரே வாரத்தில் ஒரே பாடம் படித்திருக்கிறோம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

5 ஜனவரி 2025

தோள்பட்டை வலி. பெட்டி வைத்த பிறகு கையைத் தூக்கப் பயந்து தூக்காமலே இருந்ததில் பலருக்குத் தோள் இறுகிப்போகும், எனக்கும். பக்கத்தில் ஒரு பிசியோதெரபி இடத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். படுக்கச் சொல்லி, இரண்டு தட்டுகளைத் தோளின் இரு பக்கமும் வைத்து "ஹீட் கொடுக்கிறோம் சார்" என்றார் ஒரு பெண். சின்ன வயது, வேலைக்குப் புதுசு போலிருக்கிறது. பெட்டி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, படிவத்திலும் அந்தக் கேள்வி இல்லை. சட்டையைத் தள்ளித் தழும்பைக் காட்டினேன். ஸ்விட்ச்சிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அதன் பெயர் டயதெர்மி. பெட்டி வைத்தவர்களுக்கு அது அறவே கூடாது. அந்த அலை பெட்டியிலிருந்து இதயத்துக்குப் போகும் கம்பியைச் சூடாக்கி, கம்பி முனையில் இதயத் தசையையே பொசுக்கிவிடலாம். ஒட்டுப் போட்டுச் சின்ன கரண்ட் விடுவார்களே, டென்ஸ், அதையும் டாக்டரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. எம்ஆர்ஐ ஸ்கேனும் அப்படி. எம்ஆர்ஐக்கு ஏற்ற பெட்டிகள் வந்துவிட்டன, அமெரிக்காவில் முதல் பெட்டிக்கு 2011இல் அனுமதி கிடைத்தது. ஆனால் பெட்டி, கம்பி இரண்டுமே ஏற்றதாக இருக்க வேண்டும், ஸ்கேனுக்கு முன்னும் பின்னும் பெட்டியை மாற்றி செட் செய்ய ஆள் வேண்டும். பெட்டி அட்டையை லேமினேட் செய்து பர்ஸில் வைத்திருக்கிறேன். எந்தப் படுக்கையில் ஏறுவதற்கு முன்பும் அதை எடுத்துக் காட்டுங்கள். நான் அன்றைக்குத் தழும்பைக் காட்டியது தற்செயல்தான்.

அந்தப் பெண் நாலு நாள் கழித்துப் போன் செய்தார். படிவத்தில் கேள்வியைச் சேர்த்துவிட்டார்களாம். சந்தோஷமாக இருந்தது.

18 ஜனவரி

பொங்கலுக்கு வீட்டில் கூட்டம். பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கதையை இங்கேயும் எழுதிவிடுகிறேன்.

முதன்முதலில் இதயத்தைத் தட்டிய மெஷின்கள் சுவர் பிளக்கில் ஓடின. நோயாளி ஒயர் நீளத்துக்கு மேல் நகர முடியாது. 1957 அக்டோபர் 31ஆம் தேதி அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் கரண்ட் போயிற்று. அதன் பிறகு லில்லேஹை என்ற டாக்டர், ஏர்ல் பேக்கன் என்ற மெக்கானிக்கைக் கூப்பிட்டு, கரண்ட்டை நம்பாமல் ஓடுகிற ஒன்று வேண்டும் என்றார். பேக்கன் பாட்டுக்குத் தாளம் போடுகிற கருவியின் சர்க்யூட்டை எடுத்து, நாலு வாரத்தில் பேட்டரி பெட்டி செய்து கொடுத்தார். கரண்ட் கட்டில் வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு அந்தத் தேவை சொல்லாமலே புரியும்.

அடுத்த வருடம், 1958 அக்டோபர் 8, ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு உடம்புக்குள்ளேயே வைத்தார்கள். செய்த எல்ம்க்விஸ்ட் அதை வார்க்க அச்சாகப் பயன்படுத்தியது ஷூ பாலிஷ் டப்பா. அது சில மணி நேரம்தான் ஓடியது. ஆனால் லார்சன் விடவில்லை, மொத்தம் 26 பெட்டிகள் மாற்றி, 86 வயது வரை வாழ்ந்து 2001இல் போனார், அதுவும் இதயத்தால் இல்லை, புற்றுநோயால். எனக்கு இது முதல் பெட்டி. என் பேத்தி விரல் விட்டு எண்ணி, "தாத்தா, உனக்கு இன்னும் 25 பாக்கி" என்றாள்.

19 ஜனவரி

பேக்கனை மெக்கானிக் என்று எழுதிவிட்டேன். அவர் மின்பொறியியல் படித்தவர். ஆஸ்பத்திரிக் கருவிகளைப் பழுது பார்க்கும் கடையை ஒரு கராஜில் நடத்தினார், அதனால் அப்படி வந்துவிட்டது. இன்னொரு திருத்தம். முதல் நாள் "ஒரு சாண்" என்றேன். டாக்டர்கள் சொல்வது 6 அங்குலம். என் சாண் ஒன்பது அங்குலம் வருகிறது. தங்கச்சியின் சின்னக் கைக்கு ஏழு வந்தாலும் கணக்கு சரிதான், மாற்ற வேண்டாம். அப்பா ஸ்கேல் எடுத்துக்கொண்டு திரிய மாட்டார், கை எப்போதும் கூடவே இருக்கும்.

16 மார்ச் 2025

தங்கச்சி எழுதியிருக்கிறார். மாசித் திருவிழாவுக்கு அப்பா தொண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, திருவொற்றியூர் தேரடியில் இறங்கி, வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு வந்தாராம். கேட்டில் அட்டையைக் காட்டினாராம். செக்யூரிட்டி, கையில் பிடிக்கும் கருவியை மார்புப் பக்கம் கொண்டுவராமல் கையால் தடவிப் பார்த்து அனுப்பிவிட்டாராம். ஐந்து மாதத்துக்குப் பிறகு தனியாக ஒரு பயணம். படித்துவிட்டு வீட்டுக்காரம்மாவைக் கூப்பிட்டு அவளுக்கும் படித்துக் காட்டினேன்.

அப்பா கேட்கச் சொன்ன கேள்வி: சன்னிதித் தெருவில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் பெட்டி அடுக்கியிருந்தார்கள், கூட்டம் நெருக்கி அதன் மேல் சாய வைத்துவிட்டது, ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் கேட்டு வை என்றாராம்.

பதில்: பெரிய ஸ்பீக்கரின் உள்ளே பெரிய காந்தம் இருக்கிறது. ஒரு கை நீளம் தள்ளி நின்றால் கவலையில்லை. முதுகைச் சாய்த்தாரா, மார்பைச் சாய்த்தாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். மார்பு என்றாலும் விலகியதும் பெட்டி பழையபடி ஆகியிருக்கும். அடுத்த செக்கப்பில் மட்டும் தேதியைச் சொல்லி, அன்றைய பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள்.